தோடு மேலே, காது கீழே

மலைப்பாதையில் வயிற்றைப் புரட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஜீவிதாவிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் நிறுத்த மாட்டாள். ஊட்டி சேரிங்கிராஸில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் டிராவல்ஸ் ஆபீசில் போன் எடுப்பது அவள் வேலை. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கூப்பிடுகிறவர்களுக்கு அவள் குரல்தான் முதலில் கிடைக்கும் ஊட்டி. முந்தின நாள் பரோட்டா வேண்டாம் என்பாள். மேட்டுப்பாளையத்தில் பொங்கல் வாசம் இழுக்கும், மயங்காமல் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுங்கள் என்பாள். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் பூட்டி டிக்கியில் போடாதீர்கள், குன்னூர் வந்ததும் மடியில் வேண்டும். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். வளைவைப் பார்க்காதீர்கள், வளைவுக்கு அப்பால் தூரத்தில் அசையாமல் நிற்கும் மலையைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இ-பாஸ் எடுத்துட்டீங்களா சார்?" வெளியூர் வண்டி எதுவும் அந்தப் பாஸ் இல்லாமல் மலையேற முடியாது. சீசன் நாட்களில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு. டி.என். நாற்பத்து மூன்று என்று நம்பர் போட்ட நீலகிரி வண்டிகளுக்கு மட்டும் அந்தக் கவலை கிடையாது.

போன் வராத நேரத்தில் மேசைக்கடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் விரிந்திருக்கும். நூலகத்து முத்திரை குத்திய பக்கங்களில் பனிக்குள் ரயில்கள் போய்க்கொண்டே இருக்கும். பெயர் உச்சரிக்க வராத ஊர்களில் மனிதர்கள் பெட்டியோடு இறங்கி, வர வேண்டியவருக்காகக் காத்து நிற்பார்கள். கோயமுத்தூரைத் தாண்டி ஜீவிதா போனதில்லை. ஆனாலும் உலகத்திலுள்ள எல்லாப் பயணிகளையும் தனக்குத் தெரியும் என்பது போல ஒரு எண்ணம் அவளுக்கு உண்டு.

அவளுக்கு நன்றாகத் தெரிந்த பயணி ஒரே ஒருவன்தான். அவளுடைய அண்ணன் சிவகுரு. அவனுக்குப் பயணமே ஆகாது.

ஊட்டியிலேயே காந்தலில் பிறந்து காந்தலிலேயே வளர்ந்தவனுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்றால் யார் நம்புவார்கள்? பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றாலே அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். பையன்கள் அவனுக்கு 'கவரு' என்றே பெயர் வைத்தார்கள். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து இறங்கினான். இறங்கியவன் இறங்கியவன்தான். அம்மா சாவுக்கும் அப்பா சாவுக்கும் எப்படியோ கண்ணை மூடிக்கொண்டு வந்து போனான்.

வனிதாவின் கல்யாணத்துக்குத்தான் வரவில்லை.

வனிதா நடுவில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில், அண்ணன்தான் கையைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும். பஸ்ஸில் கிளம்பியும் விட்டான். மலைப்பாதையில் பர்லியாறு வரை வந்து, அங்கே இறங்கி, ரோட்டோரத்தில் படுத்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்து, கடைசியில் கீழே போகிற பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விட்டான். மணப்பெண் அலங்காரத்தோடு வனிதா போனைப் பிடுங்கி, மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி கத்தினாள். "எங்கழுத்துல தாலி ஏர்றதவிட உனக்கு உன்ற வயிறு பெருசாப் போச்சா? வாந்திக்குப் பயந்தவன் எனக்கு அண்ணனே கெடையாது."

அன்றைக்கு நின்ற பேச்சு. வனிதாவுக்கு மகள் பிறந்து, அவளுக்கு ஆதிரை என்று பெயர் வைத்து, அவள் ஓடவும் கற்றுக்கொண்டுவிட்டாள். பேச்சு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

இப்போது ஆதிரைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் அவன் கொண்டுவருவதுதான். வனிதாவின் மாமியார் ஆயம்மாள் தினமும் இதைத் தொட்டுப் பேசாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள்.

"மாமன் மடியில்லாம பண்ணுனா அதுக்குப் பேரு காதுகுத்து இல்ல அம்மிணி, ஓட்ட போடறது. உங்கூட்டுல மாமன்னு ஒருத்தன் நெசமாலுமே இருக்கறானா, இல்ல போட்டோவோட சரியா?"

வனிதா சோற்றைப் பரிமாறிக்கொண்டே இருப்பாள். கேரட் கழுவும் மிஷினில் வேலை முடிந்து ஈரத்தோடு வரும் அவள் புருஷன் அருள்ராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். அக்கா வீட்டில் தங்கியிருக்கும் ஜீவிதா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"நாங் கூப்பட மாட்டேன்," என்றாள் வனிதா ஒரு நாள். "வேணும்னா நீ கூப்புடு."

ஜீவிதா கூப்பிட்டாள். அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வளைவு என்றான். குளிர் என்றான். வழியில் முடியாமல் போனால் மறுபடியும் ஊர் சிரிக்கும் என்றான். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஜீவிதா வாட்ஸப்பில் குரல் பதிந்து ஒவ்வொன்றாக அனுப்பினாள். இஞ்சியைத் தோல் சீவி உப்பில் புரட்டி வாயில் அடக்கிக்கொள். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மோந்துகொள். கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கி வை. வழியில் போனைப் பார்க்கவே கூடாது, அணைத்துப் பையில் போட்டுவிடு, குனிந்து ஒரு தடவை பார்த்தாலும் தலை சுற்றும். ஆபீசில் முகம் தெரியாதவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்கள், அண்ணனுக்குச் சொல்லும்போது புதிதாகத் துவைத்து எடுத்த மாதிரி இருந்தன.

அவளிடம் இருந்ததிலேயே பெரிய யோசனையைக் கடைசியாகச் சொன்னாள். "நீயே வண்டிய ஓட்டீட்டு வாண்ணா. ஸ்டியரிங் புடிக்கறவனுக்குப் புரட்டாது. அடுத்த வளைவு எப்ப வருதுன்னு அவன் உடம்புக்கு முன்னாலயே தெரிஞ்சிருது பாரு, அதுனால. எங்க டிரைவருங்க எல்லாரும் சொல்றாங்க."

சிவகுரு அந்த வருஷம்தான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "நெசமாவா பாப்பா?"

அன்றைக்கு இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் வனிதா கேட்டாள். "என்ன சொல்றான்?"

"வர்றேங்கறான்."

வனிதா கழுவிய சட்டியையே மறுபடி கழுவினாள்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தெருமுனை மாரியம்மன் கோயில் முன்னால் சாமியானா போட்டு, நாற்காலிகள் விரித்து, கேசரி கிண்டி முடித்திருந்தார்கள். காது குத்தும் ஆசாரி வந்து, தன் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டிய ஆதிரை நாற்காலிகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். நல்ல நேரத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஜீவிதாவுக்கு, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கார் தனியாக ஓடி வருவது கண்ணுக்குள் தெரிந்தது. ஸ்டியரிங்கில் அண்ணன், வாயில் இஞ்சி, கண் தூரத்து மலையில்.

போன் அடித்தது.

"பாப்பா, அடிவாரத்துல, கல்லாறு செக்போஸ்டுல நிறுத்தீட்டாங்க. என்னமோ பாஸ் கேக்கறாங்க."

ஜீவிதாவுக்கு உள்ளங்காலிலிருந்து குளிர் ஏறியது.

"இருண்ணா. இரு. நான் இப்பவே போட்டுத் தர்றேன்."

போனிலேயே விண்ணப்பித்தாள். வண்டி நம்பரில் தவறு வந்தது, மறுபடி போட்டாள். இன்றைக்கான அனுமதி முடிந்துவிட்டது என்று வந்தது. தேதியை மாற்றினால் செவ்வாய்க்கிழமை காட்டியது. ஆபீஸ் முதலாளியைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம அன்னிக்கா கேக்கற? உனக்கே தெரியாதா ஜீவிதா?" என்றார் அவர். தெரியும். அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

மறுபடி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"காந்தல்காரன்னு சொன்னேன் பாப்பா. ஆதாரக் காட்டுங்கன்னாங்க. ஆதார்ல திருப்பூரு இருக்குது." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவுங்க மேல தப்பில்ல. மரியாதையாத்தான் பேசறாங்க. முன்னாடியே எடுத்திருக்கோணுமாமா. உள்ளூர்ல யாரும் சொல்லலயான்னு கேக்கறாங்க."

"அண்ணா..."

"ஊருக்கெல்லாம் சொல்றது உன்ற வேலதான பாப்பா. எனக்குச் சொல்லலியே."

"நீ நம்மூட்டுக்குத்தானண்ணா வர்ற!" அவள் கத்தியே விட்டாள். சாமியானாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஊட்டுக்கு வர்றவனுக்கு என்னத்துக்குப் பாஸுன்னு... எனக்குத் தோணவே இல்லண்ணா."

அதுதான் உண்மை. மாதக்கணக்கில் யோசித்துப் பேசியவளுக்கு அந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை. வெளியூர்க்காரர்களுக்கான கேள்வி அது. அண்ணன் வெளியூர்க்காரன் ஆகிவிட்டான் என்பது அவள் தலைக்குள் ஏறவே இல்லை.

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு சிவகுரு சொன்னான். "சரி உடு. பின்னால வண்டி நிக்குது, எடுக்கச் சொல்றாங்க. திருப்பீட்டுப் போறேன். அவகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லீரு. இந்தத் தடவ வாந்தியினால இல்லீன்னு."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தாலும், அணைக்கப்பட்டுள்ளது என்றே வந்தது.

வனிதா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையை எடுத்து ஆதிரையின் மூக்கைத் துடைத்தாள். மூக்கு ஒழுகவே இல்லை.

"திரும்பிப் போயிட்டானா?" என்றாள் ஆயம்மாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அவுனுக்கு வருசத்துக்கு ஒரு சாக்கு சிக்கீருது. ஆசாரியை ரொம்ப நேரம் நிறுத்தாதீங்கடா. யார் மடியாவது இல்லாமயா போச்சு?"

"யார் மடியும் வேண்டாங்கத்தை," என்றாள் வனிதா. அவள் அப்படிப் பேசி ஜீவிதா கேட்டதில்லை. "எங்கண்ணன் கல்லாறு வரைக்கும் வந்துட்டான். தானே ஓட்டீட்டு வந்துட்டான்."

ஜீவிதாவுக்கு ஒரு யோசனை வந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் அவளுக்கு யோசனைகள் வரத்தான் செய்யும்.

"அவன்தான ஏற முடியாது? நாம எறங்கலாமே. எறங்கறதுக்குப் பாஸ் வேண்டாம். நம்மூரு வண்டி நாப்பத்து மூணு, திரும்பி ஏறவும் வேண்டாம். ஆசாரியையும் கூட்டீட்டுப் போயி, கல்லாறுலயே அவன் மடியில வெச்சுக் குத்தீரலாம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆசாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏனுங்க, காதுகுத்துன்னுதான் கூப்ட்டீங்க. டூருன்னு சொல்லலீங்களே?"

ஆனாலும் ஏறி உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு ஷிஜோவின் ஜீப் அன்று சவாரிக்குப் போகாமல் நின்றிருந்தது. கூடலூர்ப் பக்கத்துப் பையன், பேச்சில் பாதி மலையாளம். "ஒண்ணும் பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க, பறந்து போயிச் சேத்துடறேன். ஆனா கோத்தகிரி வழிதான் போகணும். சீசன் ஒன்வே." மே மாதத்தில் அதுதான் ஏற்பாடு. ஏறுகிற வண்டிகள் குன்னூர் வழியாக ஏறும். இறங்குகிற வண்டிகள் கோத்தகிரி சுற்றி இறங்கும்.

வனிதா, மடியில் ஆதிரை, அருள்ராஜ், ஆசாரி. ஜீப் புகையைக் கக்கிக்கொண்டு திரும்பியது. வந்தவர்களுக்குச் சாப்பாடு போட ஒருவர் வேண்டும் என்று ஜீவிதா நின்றுகொண்டாள். அண்ணனுக்கு ஒரு குரல் பதிந்து அனுப்பினாள். "அண்ணா, போயிராத. அங்கயே இரு. ஆதிரையக் கூட்டீட்டு அக்கா எறங்கி வருது." ஒற்றை டிக் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒற்றையாகவே நின்றது.

அதன் பிறகு அவள் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. கேசரி பரிமாறினாள். யாரோ தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தாள். நல்ல நேரம் வந்தது, வந்த வழியே போயிற்று. உறவுக்காரர்கள் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாத முகத்தோடு கிளம்பினார்கள். "கொழந்தைக்குக் குத்தினதும் போட்டோ அனுப்பு," என்றார்கள். சாமியானாவுக்கு மேலே மேகம் இறங்கி உட்கார்ந்தது. ஊட்டிக்குள் சுற்றுலா வண்டிகள் மேலும் மேலும் வந்துகொண்டிருக்கும் சத்தம் மெயின் ரோட்டிலிருந்து கேட்டது. பாஸ் எடுத்தவர்கள் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள்.

வனிதாவிடமிருந்து போன் வந்தபோது காற்றின் இரைச்சல்தான் முதலில் கேட்டது.

"ஜீவி, கார் நிக்குது. திருப்பூர் நம்பரு, நீ சொன்ன அதே காருதான். புளியமரத்தடியில நிக்குது. பூட்டியிருக்குது. ஆளக் காணோம்."

"பக்கத்துல டீக்கடையில..."

"எல்லாப் பக்கமும் பாத்தாச்சு. அவுரு ஆத்துப் பக்கம் போயிப் பாக்கறாரு." வனிதாவின் மூச்சு இரைத்தது. "ஏண்டி, நான் அன்னிக்குச் சொன்னத நெனச்சுக்கிட்டு... எதாச்சும்..."

"பேசாம இரு அக்கா." ஆனால் அதே நினைப்பு அவளுக்கும் வந்துவிட்டது. ஆறு அங்கே பாறைக்குப் பாறை தாவி ஓடும். கோபமே இல்லாத அந்தக் குரல் காதுக்குள் மறுபடி கேட்டது. சரி உடு. போனில் சிக்னல் அறுந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நாவல்களில் இந்த இடத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். இங்கே கதவும் இல்லை. சாமியானாக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது சரிவில் ஒருவன் ஏறி வந்தான். மெதுவாக, இரண்டடிக்கு ஒரு தரம் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஒரு கையில் துணிப்பை. அதிலிருந்து நசுங்கிய வாழைப்பழம் எட்டிப் பார்த்தது. இன்னொரு கையில், பிழிந்து சக்கையான ஒரு எலுமிச்சம்பழம்.

"அண்ணா?"

சிவகுரு பக்கத்திலிருந்த நாற்காலியில் விழுந்தான். முகம் கழுவிப்போட்ட துணி போல வெளுத்திருந்தது. அவள் தண்ணீர் கொடுத்தாள். கொப்பளித்துத் துப்பிவிட்டு, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"திருப்பத்தான் திருப்புனேன் பாப்பா. முன்னால கவர்மெண்டு பஸ்ஸு செக்கிங்குக்கு நின்னுச்சு. இதுக்குப் பாஸ் வேணுமான்னு கண்டக்டரக் கேட்டேன். பஸ்ஸுக்கு என்னத்துக்கு ராசா பாஸு, காலு வெக்க எடமிருந்தா ஏறிக்கன்னான். கார ஓரங்கட்டீட்டு ஏறீட்டேன்." மூச்சு வாங்கினான். "குன்னூரு வரைக்கும் நின்னுக்கிட்டேதான். ஸ்டியரிங் கையில இல்ல. அதான்... பர்லியாறுல ஒண்ணு ஆச்சு. அப்பறம் எண்ணல."

"போனு?"

"நீதான பாப்பா சொன்ன, அமத்திப் பையில போடுன்னு. ஏறுனதும் மொத வேல அதத்தான் செஞ்சேன்." அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். அவிழ்ந்து தொங்கும் சாமியானா, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகள். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினான். பஞ்சின்மேல் ஒரு ஜோடி தோடு. "இது நனையல. பாத்துக்கிட்டே வந்தேன். கொழந்த எங்க? வனிதா எங்க?"

"கல்லாறுல."

"யாரு கல்லாறுல?"

"எல்லாரும். உன்னயத் தேடிப் போயிருக்கறாங்க. கோத்தகிரி வழியா." அவளுக்கு அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு அசட்டுத்தனமாக ஒரு சிரிப்பும் வந்தது. "நீ இந்தப் பக்கம் ஏறுன, அவங்க அந்தப் பக்கம் எறங்கீட்டாங்க. இப்பத் தோடு மேல இருக்குது, காது கீழ இருக்குது."

சிவகுரு டப்பாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். இத்தனை தூரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவனின் மடி காலியாக இருந்தது. ஒரே பாதையாக இருந்திருந்தால், ஏதாவது ஒரு வளைவில் ஜீப்பும் பஸ்ஸும் ஒன்றையொன்று ஒதுங்கிப் போயிருக்கும். ஜன்னல் வழியாக ஒரு முகமாவது தெரிந்திருக்கும்.

போன் மறுபடி அடித்தது. ஜீவிதா எடுத்த எடுப்பில் சொன்னாள். "அக்கா, அண்ணன் இங்க இருக்கறான். பஸ்ல ஏறி வந்துட்டான். நின்னுக்கிட்டே வந்திருக்கறான்."

அந்தப் பக்கத்திலிருந்து வனிதா சொன்னாள், "குடு அவங்கிட்ட."

ஜீவிதா ஸ்பீக்கரை அழுத்தி அவன் முன்னால் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பாம்பைப் பார்ப்பது போல போனைப் பார்த்தான்.

"அண்ணா," என்றது போன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. "இவ உன்னாட்டவேதாண்ணா."

அவனுக்குப் புரியவில்லை. "என்ன?"

"உம்மருமக. கோத்தகிரி தாண்டுனதுமே ஆரம்பிச்சுட்டா. என்ற சீல, அவரு வேட்டி, ஆசாரியோட துண்டு, எல்லாம் போச்சு. குடலே வெளிய வந்துருமாட்ட இருந்துச்சு. ஒண்ணும் பண்ண முடியலண்ணா. தலயப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நிறுத்தவும் எடமில்ல, பின்னால வண்டிமேல வண்டி. அவ என்னயப் பாக்கறா, நான் எதாச்சும் பண்ணுவேன்னு..."

சிவகுரு போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான். ஸ்பீக்கர் அணையவில்லை, ஆனால் அவனுக்கு அது தெரியவில்லை. "வெறும் வயித்தோட உடாத. உப்புப் போட்ட கஞ்சி எதாச்சும் குடு. கொஞ்சங் கொஞ்சமா. படுக்க வெக்காத, தோள்ல போட்டுக்க." பிறகு மெதுவாக, "இப்ப எப்படி இருக்குறா?"

"தூங்கறா. உன்ற கார்மேல சாஞ்சுக்கிட்டு நிக்கறேன், எந்தோள்ல தூங்கறா."

"நீ ஏறி வா."

"எப்படிண்ணா ஏறுவேன் இவள வெச்சுக்கிட்டு?"

"அப்ப நான் எறங்கறேன்."

"உன்னால முடியாதுண்ணா, இப்பத்தான..."

"நீ பேசாம அங்கயே இரு."

"நகர மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் இங்கயேதான் நிப்பேன்." அதோடு, "ஆசாரியும் எங்கயும் போகல. துண்டில்லாம வெறுந்தரையில படுத்துட்டாரு," என்றாள்.

ஆயம்மாள் கோயில் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று ஜீவிதா பயந்தாள். அவள் சிவகுருவின் கையிலிருந்த சக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அம்மன் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தாள். "நசுக்காத, கீறி மோந்துக்க. எறங்கறப்பத்தான் சாஸ்தியாப் புரட்டும்," என்றாள். சமாதானம் சொல்கிறாளா பயமுறுத்துகிறாளா என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது ஜீவிதாவும் கூடவே போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊருக்குத் திரும்புகிற கூட்டம் ஒவ்வொரு பஸ்ஸையும் மொய்த்தது. முன்சீட்டுக்கு அவள் ஓடினாள். கிடைக்கவில்லை. எல்லோருக்கும் அவள் வேண்டாம் என்று சொல்கிற கடைசி சீட்டு, சக்கரத்துக்குப் பின்னால் தூக்கிப் போடுகிற அந்த நீளச் சீட்டு, அதில்தான் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. இஞ்சி இல்லை. வெளியே பனி மூடி, பார்ப்பதற்குத் தூரத்து மலையும் இல்லை.

"எதாச்சும் சொல்லிக்கிட்டே வா பாப்பா," என்றான் சிவகுரு, கண்ணை மூடிக்கொண்டு.

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை. கவரைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் திரும்பும்போதெல்லாம் அவன் நெற்றியை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டாள். நெற்றி ஈரமாக, சில்லென்று இருந்தது. கோத்தகிரி வருவதற்குள் கவர் இரண்டு தடவை தேவைப்பட்டது. அவன் மன்னிப்புக் கேட்பது போல அவளைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்க்கவில்லை.

கோத்தகிரியைத் தாண்டி ஏழெட்டு வளைவு இறங்கியிருப்பார்கள். பஸ் நின்றது. முன்னால் சிவப்பு விளக்குகள் வளைவுக்கு வளைவு கோர்த்த மாதிரி கீழே வரை தெரிந்தன. டிரைவர் இன்ஜினை அணைத்தார். என்ன ஆச்சு என்று யாருக்கும் தெரியவில்லை. மரம் விழுந்திருக்கிறது என்றார் ஒருவர். யானை என்றார் இன்னொருவர். ஒன்றுமில்லை, சும்மா கூட்டம்தான் என்றார் மூன்றாமவர். ஜீவிதா போனைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. கீழே எங்கோ, இந்த விளக்குகள் எல்லாம் முடிகிற இடத்துக்கும் அப்பால், பூட்டிய கார்மேல் சாய்ந்துகொண்டு அக்கா நின்றிருப்பாள். நகர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். நகர மாட்டாள்.

முன்சீட்டில் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. யாரோ ஆரஞ்சுத் தோலை உரித்தார்கள். கண்டக்டர் இறங்கிப் போய் இருட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

சிவகுரு கண்ணைத் திறந்தான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். டப்பா இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டான். காலையிலிருந்து அவன் முகத்தில் இப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது.

"நின்னா நல்லாத்தான் இருக்குது பாப்பா," என்றான்.